நியூட்டனா, மோண்டா? தொலைவில் சுற்றும் இரட்டை விண்மீன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023-இல் தென்கொரியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கயா விண்கலம் அளந்த இரட்டை விண்மீன்களை ஆராய்ந்ததில், ஈர்ப்பு மிகவும் மெலிந்துபோன இடத்தில் நியூட்டனின் விதி பொருந்தவில்லை, மோண்ட் என்ற திருத்திய ஈர்ப்பு விதியே பொருந்துகிறது என்றது. சில மாதங்களுக்குள், அதே கயா தரவை வைத்துக்கொண்டு இன்னொரு குழு நியூட்டனின் விதி நன்றாகவே பொருந்துகிறது என்றது. இரண்டு செய்தியையும் படித்துவிட்டுக் குழம்பியவர்கள் பலர். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இரட்டை விண்மீன்களை வைத்து ஈர்ப்பு விதியை எப்படிச் சோதிப்பது?

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றின் நிறையும் இடைவெளியும் தெரிந்தால், என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்று நியூட்டனின் விதி சொல்லிவிடும். உண்மையில் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்று வானில் அளந்து ஒப்பிட்டால் போதும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதை வில்லியம் ஹெர்ஷல் 1800-களின் தொடக்கத்திலேயே காட்டினார். 1827-இல் பெலிக்ஸ் சவாரி ஓர் இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதையை முதன்முதலாகக் கணக்கிட்டார். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலும் நியூட்டனின் விதி செல்லும் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவையெல்லாம் நெருக்கமான இணைகள், ஈர்ப்பு வலுவாக இருக்கும் இடங்கள். இன்றைய சண்டை வெகுதொலைவில் பிரிந்து நிற்கும் இணைகளைப் பற்றியது.

எவ்வளவு தொலைவு?

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு வானியல் அலகு. நெப்டியூன் 30 வானியல் அலகில் இருக்கிறது. நாம் பேசும் விண்மீன்கள் ஒன்றுக்கொன்று 2,000 முதல் 30,000 வானியல் அலகு வரை பிரிந்திருக்கின்றன. 10,000 என்று வைத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து கிளம்பும் ஒளி மற்றதைச் சேர 58 நாள் ஆகும். இணையின் மொத்த நிறை சூரியனளவு என்றால் சுற்றும் வேகம் வினாடிக்குச் சுமார் 300 மீட்டர். ஒரு சுற்று முடிய 10 லட்சம் ஆண்டு. எனவே யாரும் ஒரு சுற்றைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஒரு கணத்தின் வேகத்தை மட்டும்தான் அளக்கிறோம்.

நெருக்கமான இணைகளே இருக்கும்போது ஏன் இவ்வளவு தள்ளிப் போக வேண்டும்?

நம் பால்வழி போன்ற விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் உள்ள விண்மீன்களும் வாயுவும் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுகின்றன. 1970-களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் வேறு சிலரும் இதை அழுத்தமாகக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் ஓரத்துக்குப் போகப் போக வேகம் குறைய வேண்டும். ஆனால் குறையவில்லை. பெரும்பாலான வானியலாளர்கள் இதற்குக் கரும்பொருள்தான் காரணம் என்கிறார்கள். நம் கண்ணில் படாத ஏதோ ஒரு பொருள் அங்கே நிறைந்திருக்கிறது என்பது அவர்கள் கருத்து.

1983-இல் இசுரேல் இயற்பியலாளர் மொர்தெஹாய் மில்குரோம் வேறு வழியில் போனார். பொருளில் குறை இல்லை, விதியில்தான் திருத்தம் வேண்டும் என்றார். முடுக்கம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் ஈர்ப்பு, தூரத்தின் இருமடிக்கு ஏற்ப விழாமல் தூரத்துக்கு ஏற்ப மட்டும் மெதுவாக விழுகிறது என்று வைத்தார். மோண்ட் என்று அழைக்கப்படுவது இதுதான். அந்த எல்லை முடுக்கம் ஒரு மீட்டரில் 1,000 கோடியில் 1.2 பங்கு, அதாவது வினாடிக்கு வினாடி 0.00000000012 மீட்டர். ஓய்வில் இருக்கும் ஒரு பொருளை இந்த முடுக்கத்தில் விடாமல் இழுத்தால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் வருவதற்கே 260 ஆண்டுக்கு மேல் ஆகும். பூமியைச் சூரியன் இழுக்கும் முடுக்கம் இதைப்போல ஏறக்குறைய 5 கோடி மடங்கு.

சரி, சூரியனிடமிருந்து எவ்வளவு தள்ளிப் போனால் ஈர்ப்பு இந்த எல்லையைத் தொடும்? கணக்குப் போட்டால் சுமார் 7,000 வானியல் அலகு. விரிந்த இரட்டை விண்மீன்கள் இருப்பது சரியாக அந்தப் பகுதியில்தான்.

வேகம் கூடுதலாக இருந்தால் அதற்கும் கரும்பொருள்தான் காரணம் என்று சொல்லிவிடலாமே?

முடியாது. இந்தச் சோதனையின் அழகே அதுதான்.

நம் சூரியனுக்கு அருகில் கரும்பொருளின் அடர்த்தி, ஒரு கன பார்செக்குக்கு (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) சூரியனின் நிறையில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 10,000 வானியல் அலகு ஆரமுள்ள உருண்டைக்குள் எவ்வளவு வரும் என்று பார்த்தால் பூமியின் நிறையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தேறாது. இரண்டு விண்மீன்களின் நிறைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. முழு விண்மீன் மண்டலம் என்றால் கரும்பொருள், திருத்திய விதி இரண்டுமே ஒரே சுழற்சியை விளக்கிவிடும்; யார் சரி என்று பிரித்தறிவது கடினம். இங்கே கரும்பொருள்காரர்கள் நியூட்டனின் வேகத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மோண்ட்காரர்கள் கூடுதல் வேகத்தை எதிர்பார்க்க வேண்டும். இருவருக்கும் ஒதுங்க இடமில்லை. ஈர்ப்பைப் பற்றிய சோதனைகளில் இவ்வளவு நேரடியானவை குறைவு என்பதால்தான் இதில் எனக்கு இத்தனை ஈடுபாடு.

மோண்ட் சரியென்றால் எவ்வளவு கூடுதல் வேகம் தெரிய வேண்டும்?

சுமார் 20 விழுக்காடு. முடுக்கத்தில் சொன்னால் ஏறத்தாழ 1.4 மடங்கு.

இது ஏன் இன்னும் பெரிதாக இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மோண்டில் ஓர் இணைக்குள் நடப்பது, வெளியிலிருந்து அதன்மேல் விழும் ஈர்ப்பையும் பொறுத்தது. பால்வழி மண்டலம் சூரியனையும் சுற்றியுள்ள விண்மீன்களையும் இழுக்கும் முடுக்கம், மில்குரோமின் எல்லையைப் போல 1.8 மடங்கு. ஆகவே இணை எவ்வளவு தள்ளிப் பிரிந்திருந்தாலும் வெளி ஈர்ப்பு ஒரு தடையாக நின்று, விளைவை ஓரளவுக்கு மேல் வளரவிடாது. நியூட்டனில் இப்படிக் கிடையாது. அங்கே இரண்டு விண்மீனையும் வெளி ஈர்ப்பு சமமாக இழுத்தால் உள்ளே எதுவும் மாறாது.

வினாடிக்கு 300 மீட்டரில் 20 விழுக்காடு என்றால் 60 மீட்டர். பல நூறு ஒளியாண்டு தொலைவில் இதை அளக்க முடியுமா?

கயா வருவதற்கு முன்னால் முடியாது. மெக்சிகோவின் சேவியர் எர்னாண்டஸ் குழு 2012-இலேயே இந்தச் சோதனையை முன்வைத்தது. கயாவுக்கு முன்னோடியான ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் தரவு அதற்குப் போதுமான அளவு துல்லியமாக இல்லை.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கயா 2013 டிசம்பர் 19 அன்று கிளம்பியது. 2025 ஜனவரி வரை அளந்தது. விண்மீன்கள் வானில் எவ்வளவு கோணம் நகர்கின்றன என்பதைக் கணக்கிடுவதுதான் அதன் வேலை. நல்ல ஒளியுள்ள விண்மீன் 325 ஒளியாண்டு தொலைவில் இருந்தால், அதன் குறுக்கு வேகத்தில் பிழை வினாடிக்கு 15 மீட்டர் அளவுக்குள் வந்துவிடும். ஆக, ஒரே ஓர் இணையில்கூட 60 மீட்டர் வித்தியாசம் கருவியின் கைக்கு எட்டும். 2021-இல் கரீம் எல்-பத்ரியும் உடன் பணியாற்றியவர்களும் கயா தரவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

வடிவியலில் ஒரு சிக்கலும் உண்டு. இரண்டு விண்மீன்கள் வானில் ஓரளவு தள்ளித் தெரியும்போது நாம் அவற்றைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கிறோம். ஒரே வேகத்தில் ஒரே திசையில் போனாலும் வேகத்தில் வித்தியாசம் இருப்பதுபோலத் தெரியும். 2019-இல் எல்-பத்ரி இதை எடுத்துக்காட்டினார். இப்போது எல்லோரும் இதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

அருந்ததியையும் வசிட்டரையும் வைத்துச் சோதிக்கலாமா?

கல்யாணத்தில் காட்டும் அந்த இணை, சப்தரிஷி மண்டலத்தில் இருப்பது. இரண்டும் சுமார் 80 ஒளியாண்டு தொலைவில், ஒன்றாகவே நகர்கின்றன. இடைவெளி பல பத்தாயிரம் வானியல் அலகு. பார்த்தால் சோதனைக்கு ஏற்ற இணை போலத்தான் இருக்கிறது.

ஆனால் வசிட்டர் ஒரு விண்மீன் அல்ல, நான்கு. தொலைநோக்கியில் இரண்டாகத் தெரியும். அந்த இரண்டும் தனித்தனியே நெருக்கமான இணைகள். அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பதை 2009-இல் கண்டுபிடித்தார்கள். மொத்தம் ஆறு. இந்த ஆறும் தங்களுக்குள் சுற்றும் வேகம், வசிட்டரும் அருந்ததியும் ஒன்றைப் பொறுத்து ஒன்று நகரும் மெல்லிய வேகத்தை முழுக்க மறைத்துவிடும். எனவே சோதனைக்கு இது ஆகாது. ஆனால் அடுத்த கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆய்வாளர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை?

என் பார்வையில் முக்கால்வாசிச் சண்டை மறைந்திருக்கும் மூன்றாவது விண்மீனைப் பற்றியது.

ஒரு கணக்கைப் பாருங்கள். சூரியன் போன்ற விண்மீன் ஒன்று. 10,000 வானியல் அலகு தள்ளி அதன் இணை. முதல் விண்மீனுக்கு நெப்டியூன் தூரத்தில், சூரிய நிறையில் 0.3 பங்குள்ள சிவப்புக் குள்ளன் எனப்படும் ஒரு சிறிய விண்மீன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அது மிகவும் மங்கல். 325 ஒளியாண்டு தொலைவிலிருந்து பார்த்தால் முதல் விண்மீனின் ஒளிக்குள்ளேயே கரைந்துவிடும். ஆனால் அது தன் பெரிய துணையை வினாடிக்கு 1,400 மீட்டர் வேகத்தில் சுழற்றிக்கொண்டிருக்கும். நாம் தேடுவது 300 மீட்டரில் 60 மீட்டர் மாற்றம். போதாக்குறைக்கு இந்தச் சுழற்சி ஒருமுறை முடிய 140 ஆண்டுக்கு மேல் ஆகும். கயாவின் மூன்றாம் வெளியீட்டில் இருப்பது 34 மாத அளவீடு. அந்தக் குறுகிய காலத்தில் இந்த வளைவு நேர்கோடாகவே தெரியும். விண்மீன் நேராகத்தான் போகிறது என்று நம்பிவிடுவோம், தவறான வேகத்தோடு.

மறைந்த துணை பெரும்பாலும் இணையின் வேகத்தைக் கூட்டியே காட்டும். மோண்ட் காட்டுவதும் கூடுதல் வேகம்தான். இரண்டும் ஒரே திசையில் தள்ளுவதால் பிரித்தறிவது கடினமாகிறது. எத்தனை இணைகளில் இப்படி மறைந்த துணை இருக்கிறது, அவை எவ்வளவு தூரத்தில் சுற்றுகின்றன என்று நீங்கள் எதை வைத்துக்கொள்கிறீர்களோ, அதைப் பொறுத்தே முடிவு மாறும்.

இன்னும் சில கலப்படங்கள் உண்டு: தற்செயலாக ஒன்றின் அருகே ஒன்று தெரிபவை, ஒரே கொத்தில் பிறந்து இப்போது பிரிந்து போய்க்கொண்டிருப்பவை, சும்மா கடந்து போகிறவை. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அளந்த வேகத்தை, நியூட்டன் விதிப்படி வட்டப்பாதையில் இருக்க வேண்டிய வேகத்தால் வகுப்பார்கள். இரண்டே விண்மீன்கள், நியூட்டன் விதி என்றால் அந்த விகிதம் 1.41-ஐத் தாண்டவே முடியாது. தாண்டினால் பிணைப்பு அறுந்துவிடும். உண்மைத் தரவில் விகிதம் 2, 3 என்றெல்லாம் ஒரு நீண்ட வால் இருக்கிறது. மோண்டாலும் அதை விளக்க முடியாது. அந்த வாலைப் பார்த்தாலே கலப்படம் எவ்வளவு என்று தெரிகிறது.

யார் என்ன சொன்னார்கள்?

சியோலின் செஜோங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்யூ-ஹ்யுன் சே 2023-இல் 650 ஒளியாண்டுக்குள் உள்ள சுமார் 26,500 இணைகளை எடுத்தார். நெருக்கமான இணைகளில் நியூட்டன் விதி பொருந்தும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எனவே அவற்றை வைத்து மறைந்த துணைகளின் பங்கை முதலில் நிர்ணயித்துவிட்டு, அதே பங்கை விரிந்த இணைகளுக்கும் பொருத்தினார். விரிந்த இணைகளில் முடுக்கம் சுமார் 1.4 மடங்கு கூடுதல் என்று வந்தது. மோண்ட் எதிர்பார்த்ததும் கிட்டத்தட்ட அதே. பிறகு மறைந்த துணை இல்லாதவை என்று சலித்தெடுத்த சிறிய தொகுப்பிலும் அதே விளைவு தெரிவதாகச் சொன்னார். எர்னாண்டஸ் குழுவின் முடிவும் இதே பக்கம்தான்.

எதிர்ப்பக்கத்தில் இந்திரநீல் பானிக் தலைமையிலான குழு. இவர்கள் 8,611 இணைகளை எடுத்து, மறைந்த துணைகளின் பங்கு, அவற்றின் சுற்றுப்பாதை, தற்செயல் இணைகள் எல்லாவற்றையும் ஈர்ப்பு விதியோடு சேர்த்து ஒரே கணித மாதிரிக்குள் வைத்துப் பொருத்தினார்கள். நியூட்டனே சரி, மோண்ட் 16 சிக்மா அளவில் தவறு என்று 2024-இல் வெளியிட்டார்கள். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் பிட்டோர்டிஸும் சதர்லேண்டும் தனியாகச் செய்த ஆய்வும் நியூட்டன் பக்கமே சாய்ந்தது. அவர்கள் பானிக்கின் குழுவிலும் இருந்தார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பானிக்கும் அந்தக் குழுவில் இருந்த ஃபாமேயும் மோண்டை எதிர்த்துவந்தவர்கள் அல்ல. அதை ஆதரித்துப் பல ஆண்டு ஆய்வு செய்தவர்கள். தாங்கள் விரும்பிய கோட்பாட்டுக்கு எதிரான முடிவை அவர்களே வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. அதனால் மட்டுமே அவர்கள் முடிவு சரி என்று ஆகிவிடாது, அது வேறு.

16 சிக்மா என்றால் விஷயம் முடிந்துவிட்டதே?

முடியவில்லை. சிக்மா என்பது நீங்கள் வைத்துக்கொண்ட மாதிரி சரியாக இருந்தால், தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைத்தான் சொல்கிறது. மாதிரியே தவறாக இருந்தால் அந்த எண்ணுக்குப் பொருள் குறைந்துவிடும். தங்கள் சிறந்த மாதிரிகூடத் தரவை முழுமையாகப் பிரதிபலிக்கவில்லை என்று பானிக் குழுவே ஒப்புக்கொள்கிறது. சேவின் முடிவும் பெரிய சிக்மா எண்ணோடுதான் வந்தது. எதிரெதிரான இரண்டு முடிவுகள் இவ்வளவு உறுதியோடு வந்தால், பிழை தற்செயலில் இல்லை, அனுமானத்தில் இருக்கிறது என்றுதான் பொருள்.

சேவின் தரப்பு வைக்கும் குறை: பானிக் குழு 2,000 வானியல் அலகுக்குக் குறைந்த இணைகளை விட்டுவிட்டது, நியூட்டன் விதி ஐயமின்றிப் பொருந்தும் பகுதியில் தன் முறையைச் சரிபார்த்துக்கொள்ளவில்லை. பானிக் தரப்பு வைக்கும் குறை: சே வேகத்தில் பெரிய பிழையுள்ள இணைகளைப் போதுமான அளவு விலக்கவில்லை, அவற்றை விலக்கினால் விளைவு மறைகிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள். இப்போதைக்கு நான் நியூட்டன் பக்கமே சாய்கிறேன். நெருக்கமான இணைகளில் உள்ள மறைந்த துணைகளின் பங்கே விரிந்த இணைகளிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சேவின் முதல் முடிவு நின்றதே அந்த அனுமானத்தின் மேல்தான்.

நிறையைத் தவறாகக் கணித்திருந்தால்?

விண்மீனின் ஒளியை வைத்து நிறையைக் கணிக்கிறார்கள். அதில் சில விழுக்காடு பிழை வரலாம். ஆனால் வேகத்தில் 20 விழுக்காடு வித்தியாசம் வர நிறையில் 44 விழுக்காடு தவறு வேண்டும். அவ்வளவு தவறு நடக்காது.

குறுக்கு வேகம் மட்டும்தானா? நம்மை நோக்கி வரும், விலகும் வேகத்தையும் அளக்கலாமே?

அளக்கலாம், அளக்கவும் தொடங்கிவிட்டார்கள். வேகத்தின் மூன்று கூறுகளும் கிடைத்தால் ஒவ்வோர் இணையையும் தனித்தனியே ஆராயலாம். சேவும் இப்போது இந்த வழிக்கு வந்திருக்கிறார். ஆனால் நிறமாலையிலிருந்து இந்த வேகத்தை எடுப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. விண்மீனின் சொந்த ஈர்ப்பே அதன் ஒளியைச் சிவப்புப் பக்கம் இழுக்கிறது. சூரியனுக்கு அது வினாடிக்கு 600 மீட்டருக்கு மேற்பட்ட வேகம்போலத் தோன்றும். நாம் தேடும் சுற்றுவேகத்தைப் போல இரு மடங்கு. மேற்பரப்பில் கொதித்து எழும் வாயு எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. இரண்டு விண்மீன்களும் ஒரே வகை என்றால் இவை பெரும்பாலும் கழிந்துவிடும். ஆகவே ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் போன்ற இணைகளைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரோக்சிமாவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதா?

ஆல்ஃபா செண்டாரி என்ற இரட்டை விண்மீனிலிருந்து சுமார் 13,000 வானியல் அலகு தள்ளி புரோக்சிமா சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.5 லட்சம் ஆண்டு. அங்கே முடுக்கம் மில்குரோமின் எல்லைக்குக் கீழேதான். 2017-இல் கெர்வெல்லா குழு அதன் சார்பு வேகத்தை வினாடிக்கு 273 மீட்டர் என்று அளந்தது. பிழை 49 மீட்டர். அதாவது பிழையே மோண்டின் விளைவளவு இருக்கிறது. பிழையைக் குறைத்தாலும் ஒரே ஓர் இணையின் ஒரு கண வேகம் போதாது. பாதை வட்டமா, நீள்வட்டமா, அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த வேகமும் வரலாம். வேகம் எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டும். இரண்டு கோட்பாடுகளுக்கும் உள்ள வித்தியாசம், 10 ஆண்டு காத்திருந்தால், வினாடிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இன்றைய கருவிகளுக்கு அது இன்னும் எட்டவில்லை.

ஐன்ஸ்டைன் எங்கே போனார்?

இவ்வளவு மெல்லிய ஈர்ப்பிலும் மெதுவான வேகத்திலும் பொதுச் சார்பியலும் நியூட்டனும் ஒரே விடையைத்தான் தரும். நியூட்டன் இங்கே தவறினால் ஐன்ஸ்டைனும் தவறுகிறார்.

நியூட்டன் வென்றால் மோண்ட் ஒழிந்ததா?

ஈர்ப்பு விதியைத் திருத்தும் வழக்கமான மோண்ட் வடிவங்கள் பெரும் சிக்கலில் மாட்டும். காசினி விண்கலம் தந்த சனியின் தூர அளவீடுகளும் அவற்றை ஏற்கெனவே நெருக்குகின்றன. விண்மீன் மண்டலக் கொத்துகளை மோண்டால் முழுதாக விளக்க முடியவில்லை என்பது பழைய குறை. ஆனால் வெளியே போகும் வழிகள் இருக்கின்றன. ஈர்ப்பை அல்லாமல் நிலைமத்தை, அதாவது விசைக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பை, திருத்தும் வடிவங்களில் கணிப்பு வேறு. கரும்பொருள் மீப்பாய்மமாக (உராய்வே இல்லாமல் ஓடும் திரவம்போல) மாறி விண்மீன் மண்டல அளவில் மட்டும் மோண்ட் போல நடக்கிறது என்ற கோட்பாட்டுக்கு இரட்டை விண்மீன்களில் விளைவே தேவையில்லை.

விண்மீன் மண்டலங்களில் மோண்ட் ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்ற கேள்வியும் அப்படியே நிற்கும். ஒரு மண்டலத்தின் சாதாரணப் பொருளின் நிறை தெரிந்தால் அதன் ஓரத்து வேகத்தை ஒரே எண்ணை வைத்து மோண்ட் சொல்லிவிடுகிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கக் கூடாது. கரும்பொருள் பக்கம் நிற்பவர்கள் இதற்கு விளக்கம் தந்தாக வேண்டும்.

எப்போது முடிவு தெரியும்?

கயாவின் நான்காம் வெளியீடு 2026 டிசம்பரில் வரவிருக்கிறது. 34 மாதத்துக்குப் பதில் 66 மாத அளவீடு இருக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு விண்மீனும் ஒவ்வொரு முறை அளக்கப்பட்டபோது எங்கே இருந்தது என்ற மூலப் பட்டியலும் வரும். மறைந்த துணை இருந்தால் அந்தத் தள்ளாட்டத்தைப் பலவற்றில் நேராகவே பார்க்கலாம். கூடவே, பெரிய தொலைநோக்கிகளில் ஒவ்வோர் இணையையும் கூர்ந்து படமெடுத்து, துணை இருக்கிறதா என்று தேடும் வேலையும் நடக்க வேண்டும். பத்தாயிரம் ஐயத்துக்குரிய இணைகளைவிட, துணை இல்லை என்று உறுதியான சில நூறு இணைகள் மேல்.

நானே செய்து பார்க்க முடியுமா?

முடியும். கயா தரவும் எல்-பத்ரியின் இணைப் பட்டியலும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பைத்தான் நிரல்மொழியில் ஓரளவு பழக்கம் இருந்தால் ஒரு மடிக்கணினி போதும். முதலில் 1,000 வானியல் அலகுக்குக் குறைந்த இணைகளை எடுத்து மேலே சொன்ன வேக விகிதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்; 1.41-க்கு மேல் எத்தனை இணைகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். அப்புறம் 5,000-க்கு மேற்பட்டவற்றை எடுங்கள். முதல் முறை அந்த வால் மிக நீளமாகத்தான் வரும். தூரப் பிழை அதிகமுள்ளவற்றை நீக்கி, நேர்கோட்டு இயக்கத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்று கயாவே குறித்திருப்பவற்றையும் நீக்கி, மறுபடி வரைந்து பாருங்கள்.